'சரி' எந்தப் பட்டன்? கண்ட்ரோலர் குழப்பத்தை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

"அண்ணா, இன்ட்டு பட்டன் போயிருச்சு, அழுத்துனா பின்னாடி போகுது" என்று ஒரு ஜாய்ஸ்டிக் கடைக்கு வந்தால் நான் இப்போது ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதில்லை. கெட்டுப்போன பட்டன் எதையும் செய்யாது. பின்னால் போக வைக்கிற பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. இது புரியாத காலத்தில் ஒரே ஜாய்ஸ்டிக்கை மூன்று முறை திறந்து துடைத்து மூடிக் கொடுத்திருக்கிறேன். நான்காவது முறை அந்தப் பையன் கன்சோலையும், அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டியையும், கூடவே தூக்கிக்கொண்டு வந்தான். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4). கோளாறு ஜாய்ஸ்டிக்கில் இல்லை, அந்தப் பெட்டி பேசும் பாஷையில் இருந்தது.

அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். போகும் முன் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

வலது கைப்பக்கம் நான்கு பட்டன். கீழே இருப்பது எக்ஸ்பாக்ஸில் ஏ, நின்டெண்டோவில் பி, பிளேஸ்டேஷனில் இன்ட்டு. வலப்பக்கம் இருப்பது எக்ஸ்பாக்ஸில் பி, நின்டெண்டோவில் ஏ, பிளேஸ்டேஷனில் வட்டம். இடப்பக்கம் எக்ஸ்பாக்ஸில் எக்ஸ், நின்டெண்டோவில் ஒய், பிளேஸ்டேஷனில் சதுரம். மேலே எக்ஸ்பாக்ஸில் ஒய், நின்டெண்டோவில் எக்ஸ், பிளேஸ்டேஷனில் முக்கோணம். அதாவது ஒரே குறுக்குக் கோட்டுக் குறி ஒரு கம்பெனியில் மேலே, இன்னொன்றில் இடப்பக்கம், மூன்றாவதில் கீழே. பிளேஸ்டேஷனில் இருப்பதை எங்கள் கடையில் இன்ட்டு என்போம், மற்ற இரண்டிலும் இருப்பதை எக்ஸ் என்போம். இங்கேயும் அப்படித்தான். (அதை எக்ஸ் என்பதா கிராஸ் என்பதா என்று வெளிநாட்டில் பெரிய சண்டையே நடந்தது. 2019-இல் பிளேஸ்டேஷனின் பிரிட்டன் கிளையே 'கிராஸ்' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 'இன்ட்டு' என்று ஒரு சொல் இருந்ததால் நாம் தப்பித்தோம்.)

## குறை 1: 'சரி' என்று அழுத்தினால் பின்னால் போகிறது

அதிகம் வருவது இதுதான். முதல் சோதனை: கேமை விட்டு வெளியே வந்து கன்சோலின் முதல் பக்கத்தில் அதே பட்டனை அழுத்துங்கள். அங்கே சரியாக இருக்கிறதா, அங்கேயும் தலைகீழா? விடையைப் பொறுத்து வழி பிரிகிறது.

### ஒரு கேமில் மட்டும் தலைகீழ், மற்றதெல்லாம் ஒழுங்கு

அந்த கேம் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்த 1994 முதல் பிஎஸ்4 காலம் வரை அங்கே வட்டம்தான் 'சரி', இன்ட்டு 'வேண்டாம்'. பட்டன் குறிகளை வரைந்த டெய்யூ கோட்டோ அந்தப் பொருளில்தான் வரைந்தார். ஜப்பானியப் பள்ளியில் ஆசிரியர் சரியான விடைக்கு வட்டம் போடுவார். நம் ஊரில் தமிழ் ஐயா சிவப்பு மையால் வட்டம் போட்டால் அங்கே சந்திப்பிழை இருக்கிறது என்று பொருள். ஆனால் இன்ட்டு போட்டால் தப்பு என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் இன்ட்டை 'சரி' ஆக்கிய அமெரிக்க, ஐரோப்பிய வழக்கம்தான் நமக்கு விநோதமாகத் தெரிந்திருக்க வேண்டும். பிஎஸ்2 காலத்திலிருந்து அந்தப் பக்கத்து டிஸ்க்குகளே நம் கைக்கு அதிகம் வந்ததால் கை அதற்குப் பழகிவிட்டது.

கடல் தாண்டிப் போகும்போது பல கேம்கள் இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டன. சில அப்படியே போயின. 1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் ஆங்கிலப் பதிப்பிலும் வட்டம்தான் 'சரி'.

செய்ய வேண்டியது: கேமின் ஆப்ஷன்ஸில் 'கண்ட்ரோல்ஸ்' அல்லது 'பட்டன் லேஅவுட்' பக்கம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கேயே மாற்றிவிடலாம், காசு செலவில்லை. இல்லையென்றால் பழகிக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேமுக்காகக் கன்சோல் முழுவதும் பட்டனை மாற்றினால் மற்ற எல்லா கேமும் தலைகீழாகும்.

கையில் பிடித்து ஆடும் பிளேஸ்டேஷனான பிஎஸ்பியின் கேம்களை ஃபோனில் பிபிஎஸ்எஸ்பிபி என்ற ஆப் மூலம் ஆடுகிறவர்களுக்கு இது சுலபம். செட்டிங்ஸில் சிஸ்டம் பக்கத்தில் 'கன்ஃபர்மேஷன் பட்டன்' என்று இருக்கும், இன்ட்டா வட்டமா என்று நீங்களே சொல்லலாம். பழைய கன்சோல் கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் ஆப் என்றால் அதன் மெனுவே உங்களைக் குழப்பும். இன்புட் பகுதியில் மெனு கண்ட்ரோல்ஸுக்குள் ஓகே, கேன்சல் பட்டன்களை இடம் மாற்றும் ஒரு சுவிட்ச் உண்டு. அணைந்திருந்தால் ஜப்பானிய முறை, எரிந்தால் மேற்கத்திய முறை.

### கன்சோல் மெனுவில் ஒரு மாதிரி, கேமுக்குள் வேறு மாதிரி

இதுதான் மாமா கொண்டுவந்த பிஎஸ்4. ஜப்பானில் விற்ற பிஎஸ்3, பிஎஸ்4, அப்புறம் ஹாங்காங், தைவான், சிங்கப்பூர்ப் பக்கம் ஆசியப் பதிப்பாக விற்றவை, எல்லாவற்றிலும் கன்சோல் மெனுவில் வட்டம்தான் 'சரி'. அதில் அமெரிக்க அல்லது ஐரோப்பிய டிஸ்க்கைப் போட்டால் கேமுக்குள் இன்ட்டு 'சரி'. கேம் நடுவே கன்சோலின் சேவ் பெட்டி எட்டிப் பார்த்தால் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் மறுபடி வட்டம். ஒரே நிமிடத்தில் இரண்டு பாஷை.

இதில் பெரிய அசௌகரியம் ஒன்றும் இல்லை, சேவ் அழியும் வரை. கல்லூரி மாணவன் ஒருவன், வட்டம் 'சரி' என்று சொல்லும் ஒரு பழைய கேமைக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். சேவ் பண்ணப் போனவன் தவறான இடத்தைத் தொட்டுவிட்டான். 'இதன் மேல் எழுதவா?' என்று கேட்டது. 'எஸ்' வெளிச்சத்தில் நின்றது. அவன் அவசரமாக வெளியே வர வட்டத்தை அழுத்தினான். கேம் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது. தம்பியின் இரண்டு வார ஆட்டம் அந்த இடத்தில்தான் இருந்தது. அவன் வீட்டுக்குக் கிளம்ப அன்றைக்கு அரை மணி நேரம் தயங்கினான்.

சோதனைகள் இந்த வரிசையில்:

முதலில், உங்களுக்கு முன்னால் வேறு யாராவது பட்டனை மாற்றி வைத்திருக்கிறார்களா பாருங்கள். கைமாறி வாங்கிய பெட்டி என்றால் கட்டாயம் பாருங்கள். பிஎஸ்4-இல் செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, பட்டன் அசைன்மென்ட்ஸ். பிஎஸ்5-இல் ஆக்ஸசிபிலிட்டிக்குள் கண்ட்ரோலர்ஸ். மாற்றம் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். பல பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஆஃப் ஆகத்தான் இருக்கிறது, ஆனாலும் மெனுவில் வட்டம் 'சரி' என்றால் பெட்டியின் அடியில் ஒட்டிய மாடல் எண்ணையும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட மொழியையும் பாருங்கள். எந்த நாட்டுச் சரக்கு என்று தெரிந்துவிடும். மொழியை மாற்றியும் வேறு நாட்டுக் கணக்கு திறந்தும் பார்த்தோம், அசையவில்லை.

ஆக்ஸசிபிலிட்டியில் வட்டத்தையும் இன்ட்டையும் இடம் மாற்றலாமே என்று தோன்றும். மாற்றினால் கேமுக்குள்ளும் சேர்ந்து மாறும். மெனு நேராகி கேம் கோணலாகும். குதிப்பதற்கு இன்ட்டு, உருள்வதற்கு வட்டம் என்று பழகிய கை தடுமாறும். நான் யாருக்கும் இதைச் செய்து தருவதில்லை. மெனுவில் நாம் இருப்பது ஐந்து நிமிடம், கேமில் இருப்பது ஐந்து மணி நேரம்.

### எல்லா இடத்திலும் தலைகீழ்

பெட்டி ஜப்பான் அல்லது ஆசியச் சரக்கு, கேமும் அதே ஊர்ப் பதிப்பு என்றால் இது குறையே இல்லை, ஊர் வழக்கம். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

இந்தியாவில் வாங்கிய பெட்டியிலும் இப்படி என்றால் மேலே சொன்ன ஆக்ஸசிபிலிட்டி மாற்றம்தான், வேறு காரணம் தேட வேண்டாம். பிஎஸ்5-க்கு ஊர் பார்க்கும் வேலையும் இல்லை. 2020 நவம்பரில் வந்தபோதே சோனி ஜப்பான் உட்பட எல்லா நாட்டுக்கும் இன்ட்டைச் 'சரி' ஆக்கிவிட்டது. 26 ஆண்டு வட்டத்தை அழுத்திய ஜப்பானியர்களுக்கு அப்போது நம் குறை 1 மொத்தமாக வந்தது. அங்கேயும் பழைய பிஎஸ்4 கேமைப் பிஎஸ்5-இல் போட்டால் கேமுக்குள் வட்டமே 'சரி' ஆக இருக்கலாம். ஜப்பானியப் பதிப்பை வாங்கி ஆடும் நம் ஆட்களும் இதைக் கவனியுங்கள்.

## குறை 2: திரை சொன்ன எழுத்தைத்தான் அழுத்தினேன், வேறு ஏதோ நடக்கிறது

'எக்ஸ் அழுத்து' என்கிறது திரை. அழுத்தினால் ஆள் குதிக்கிறான், கதவு திறக்கவில்லை. இங்கே சிக்கல் 'சரி', 'வேண்டாம்' பற்றியதல்ல, எழுத்தும் இடமும் ஒத்துப்போகாதது பற்றியது.

### பிசியில் நின்டெண்டோ வகை ஜாய்ஸ்டிக்

பிசி கேம்களில் பல, மாட்டியிருப்பது எக்ஸ்பாக்ஸ் ஜாய்ஸ்டிக் என்றே நினைத்துக்கொள்ளும். உங்கள் கையில் நின்டெண்டோவின் சுவிட்ச் கன்சோலுக்கான சுவிட்ச் புரோ ஜாய்ஸ்டிக்கோ அந்த அமைப்பில் செய்த வேறு ஒன்றோ இருந்தால் ஏ-பி, எக்ஸ்-ஒய் இரண்டு ஜோடியும் இடம் மாறித் தெரியும்.

பிசி கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீமில் ஆடினால் செட்டிங்ஸில் கண்ட்ரோலர் பக்கத்தில் 'யூஸ் நின்டெண்டோ பட்டன் லேஅவுட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் பட்டன் மேல் எழுதியிருக்கும் எழுத்துப்படியே வேலை நடக்கும். எனக்கு அதை அணைத்து வைத்து இடத்தைப் பார்த்து ஆடுவதுதான் பிடிக்கும், கீழ்ப் பட்டன் எந்த கேமிலும் கீழ்ப் பட்டனாகவே இருக்கும். ஆனால் குழந்தைகள் எழுத்தைப் பார்த்துத்தான் அழுத்துவார்கள். வீட்டில் யார் ஆடுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்டீமுக்கு வெளியே என்றால் ஜாய்ஸ்டிக்கின் 'மோட்' பாருங்கள். பல கம்பெனி ஜாய்ஸ்டிக்குகளில் முதுகுப் பக்கம் ஒரு நகர்த்தும் சுவிட்ச் இருக்கும், அல்லது ஸ்டார்ட் பட்டனோடு இன்னொன்றைச் சேர்த்து அழுத்தி ஆன் செய்ய வேண்டும். எந்த ஜோடிக்கு எந்த மோட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கூட வந்த சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டைத்தான் எல்லோரும் முதலில் தூக்கிப்போடுகிறார்கள்.

### சுவிட்சில் எக்ஸ்பாக்ஸ் பழக்கத்தோடு ஆடுவது

நின்டெண்டோவில் 'சரி' என்பது ஏ, அது வலப்பக்கம். எந்த நாட்டிலும் இதை அவர்கள் மாற்றவில்லை. நான்கு பட்டனைச் சிலுவை போல அடுக்கியது 1990-இல் வந்த அவர்களின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோல், அந்தச் சிலுவை அமைப்பு வரும் இடத்தில் எல்லாம் எழுத்துகளின் இடம் அதேதான். ஆக, அமெரிக்கச் சிறுவனும் நின்டெண்டோவை எடுத்தால் ஜப்பானியர் மாதிரி வலப்பக்கம் அழுத்துகிறான். பிளேஸ்டேஷனுக்கு மாறினால் கீழே அழுத்துகிறான். எக்ஸ்பாக்ஸ் போல ஏ-வைக் கீழே வைத்து 1998-இல் ட்ரீம்காஸ்ட் கன்சோலைக் கொண்டுவந்த சேகா ஜப்பானியக் கம்பெனி. 'கிழக்கு என்றால் வலம், மேற்கு என்றால் கீழ்' என்று யாராவது ஒற்றை வரியில் விதி சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

தீர்வு: 2020 ஏப்ரலில் வந்த சிஸ்டம் அப்டேட்டிலிருந்து சுவிட்சிலேயே பட்டனை மாற்றலாம். சிஸ்டம் செட்டிங்ஸ், கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், சேஞ்ச் பட்டன் மேப்பிங். ஆனால் திரையில் வரும் எழுத்து மாறாது. 'ஏ அழுத்து' என்று திரை கேட்கும், நீங்கள் பி எழுதிய பட்டனை அழுத்த வேண்டும். ஒரு சிக்கலைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிற கணக்கு.

### ஆண்ட்ராய்டு ஃபோனில்

ஏ என்றால் 'சரி', பி என்றால் பின்னால் என்பது ஆண்ட்ராய்டின் வழக்கம். ஜாய்ஸ்டிக் சுவிட்ச் மோடில் இணைந்திருந்தால் குழம்பும். புளூடூத் பட்டியலில் அதை மறக்கச் செய்துவிட்டு, சரியான மோடில் ஆன் செய்து புதிதாக இணையுங்கள். மறக்கச் செய்யாமல் மோடை மட்டும் மாற்றினால் ஃபோன் பழைய நினைவிலேயே நிற்கிறது, இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

## குறை 3: கையில் முக்கோணம், திரையில் ஒய்

பிளேஸ்டேஷன் ஜாய்ஸ்டிக்கைப் பிசியில் மாட்டியவர்களுக்கு வருவது. பட்டன் எல்லாம் சரியான வேலையைச் செய்யும், படம் மட்டும் எக்ஸ்பாக்ஸ் படம். கேமுக்குள் பட்டன் ஐகான்களை மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன இட வரிசையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டிவி ஓரத்தில் ஒட்டுங்கள். ஜாய்ஸ்டிக்கை மாற்றிக் கேட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

படத்துக்குப் பதில் 'பட்டன் 1', 'பட்டன் 2' என்று எண் வருகிறதா? ஜாய்ஸ்டிக் பழைய டைரக்ட்இன்புட் முறையில் பேசுகிறது. மோட் சுவிட்ச் இருந்தால் எக்ஸ்இன்புட்டுக்கு, அதாவது எக்ஸ்பாக்ஸ் ஜாய்ஸ்டிக் பேசும் முறைக்கு, மாற்றுங்கள்.

## குறை 4: மாற்றியும் மாறவில்லை, அல்லது ஒரு அழுத்துக்கு இரண்டு வேலை

பெரும்பாலும் நாமே வரவழைத்துக்கொள்வது. பொறுமை இழந்து நான்கு இடத்தில் கை வைத்திருப்போம். ஜாய்ஸ்டிக்கின் மோடில் ஒரு முறை இடம் மாறியது, ஸ்டீமில் இன்னொரு முறை மாறியது. இரண்டு முறை மாறினால் பழைய இடத்துக்கே வந்துவிடும், 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று தோன்றும். மூன்றாவதாகக் கேமுக்குள்ளும் மாற்றினால் மறுபடி தலைகீழ்.

ஒரு அழுத்துக்கு மெனு இரண்டு படி தாண்டினால் பிசி ஒரே ஜாய்ஸ்டிக்கை இரண்டாகப் பார்க்கிறது. பிளேஸ்டேஷன் ஜாய்ஸ்டிக்கை எக்ஸ்பாக்ஸ் போலக் காட்டும் டிஎஸ்4விண்டோஸ் என்ற புரோகிராம் ஒரு பக்கம் ஓடும், ஸ்டீமும் தன் 'ஸ்டீம் இன்புட்' மூலம் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

வழி ஒன்றுதான். எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். கேமில் 'டீஃபால்ட்', ஸ்டீமில் அந்த கேமுக்கு ஸ்டீம் இன்புட் ஆஃப், டிஎஸ்4விண்டோஸ் மூடல், ஜாய்ஸ்டிக் எக்ஸ்இன்புட் மோடில். அப்புறம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாற்றம் செய்யுங்கள். எந்த இடம் என்றால், கேமுக்குள் முடிந்தால் கேமுக்குள். முடியாவிட்டால் ஸ்டீமில். அதுவும் முடியாவிட்டால்தான் மற்றவை.

## குறை 5: சுடும் பட்டன் மாறிப்போச்சு, கேமரா தலைகீழாகத் திரும்புது

இரண்டுக்கும் மருந்து கேமின் ஆப்ஷன்ஸில்தான். ஜாய்ஸ்டிக்கின் முன்விளிம்பில் இடப்பக்கம் எல்1, எல்2, வலப்பக்கம் ஆர்1, ஆர்2 என்று பட்டன்கள் உண்டு. பிஎஸ்3 காலத்துக் கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கி கேம் ஆடியவர்களின் கை எல்1-இல் குறிவைத்து ஆர்1-இல் சுடும். அந்த ஜாய்ஸ்டிக்கின் எல்2, ஆர்2 வெளிப்பக்கம் வளைந்திருந்ததால் விரல் வழுக்கும். பிஎஸ்4-இல் வடிவம் மாறி, சுடுவது ஆர்2-க்குப் போனது. பழைய முறை வேண்டுமென்றால் பட்டன் லேஅவுட்டில் 'ஃப்ளிப்' என்பதைத் தேடுங்கள்.

கேமரா மேலும் கீழும் மாறினால் 'இன்வெர்ட் ஒய்', இடமும் வலமும் மாறினால் 'இன்வெர்ட் எக்ஸ்'. இந்த எக்ஸும் ஒய்யும் பட்டன் அல்ல, திசை.

## குறை 6: அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை, அல்லது தானாகவே அழுத்துகிறது

இப்போதுதான் ஜாய்ஸ்டிக்கைச் சந்தேகப்படலாம்.

முதலில் கேம் இல்லாமல் சோதியுங்கள். விண்டோஸில் தேடும் இடத்தில் 'கேம் கண்ட்ரோலர்' என்று தட்டினால் 'செட் அப் யூஎஸ்பி கேம் கண்ட்ரோலர்ஸ்' வரும், ப்ராப்பர்ட்டீஸுக்குள் பட்டன் ஒவ்வொன்றும் அழுத்தும்போது சிவப்பாக எரியும். சுவிட்சில் கண்ட்ரோலர்ஸ் பக்கத்தில் 'டெஸ்ட் இன்புட் டிவைசஸ்'. அங்கே எரிந்தால் ஜாய்ஸ்டிக் நலம், மேலே போய்க் குறை 1 முதல் படியுங்கள். எரியவில்லை என்றால்:

வாரண்டி இருக்கிறதா? இருந்தால் இங்கே நிறுத்துங்கள், திறக்காதீர்கள்.

இல்லையென்றால் பட்டன் ஓரத்தில் ஒட்டிய பழரசமும் மிக்சர் தூளும்தான் முதல் சந்தேகம். ஜாய்ஸ்டிக்கை ஆஃப் செய்து, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஓரத்தைத் துடைத்து, இருபது முப்பது முறை அழுத்திவிடுங்கள். தண்ணீர் வேண்டாம்.

திறக்கத் துணிந்தவர்களுக்கு: உள்ளே பட்டனுக்கு அடியில் ரப்பர், அதன் நடுவில் கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியும் அது தொடும் இடமும் சுத்தமாக இருந்தால் போதும். பழைய பிஎஸ்3 ஜாய்ஸ்டிக் தானாக அழுத்துகிறது என்றால் பட்டன்களுக்குரிய பிலிமை போர்டோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் ஸ்பாஞ்ச் அமுங்கியிருக்கும். அதன் அடியில் தடித்த காகிதத்தை இரண்டாக மடித்து வைத்து மூடுங்கள். பஸ் டிக்கெட் அளவு போதும். நான் வைத்துக் கொடுத்த ஒன்று நான்கு வருடமாக ஓடுகிறது.

மூடும்போது பட்டன்களைக் கவனியுங்கள். அசலில் பெரும்பாலும் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் வேறு வேறு காடி இருக்கும், இடம் மாற்றிப் போட முடியாது. மலிவான நகல்களில் முடியும். வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் உட்கார்ந்த ஒன்று என்னிடம் வந்தது, அதைத் தந்தவர் ஒரு வாரமாக ஸ்டீமில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

### எப்போது ஆளிடம் கொடுப்பது

கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக் தானாக நகர்கிறது என்றால் சுவிட்சோடு வரும் ஜாய்கானில் அந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டிவிடலாம், சரியான மூன்று முனை ஸ்க்ரூடிரைவரும் நிதானமும் இருந்தால் வீட்டிலேயே முடியும். பிஎஸ்4, பிஎஸ்5 ஜாய்ஸ்டிக்கில் ஸ்டிக்கைப் பல கால்களோடு போர்டில் பற்றவைத்திருப்பார்கள். பற்றவைத்துப் பழகாதவர்கள் தொடக் கூடாது. போர்டின் கோடு எரிந்துவிட்டால் புதிது வாங்குவதுதான் வழி.

பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தால் அழுத்தி மூடாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொடுக்கும்போது எந்தப் பெட்டி, எந்த ஊர்ச் சரக்கு, எந்த கேம், எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஜாய்ஸ்டிக்கோடு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். 'பட்டன் போச்சு' என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் எடுப்பது ஸ்க்ரூடிரைவரைத்தான்.